அந்தப் படிவத்தில் நான் கையெழுத்திட மாட்டேன்

சங்கத்தின் தலைவருக்கும் செயலாளருக்கும் செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

மாதம் ஒரு முறை கூட்டமாக நடந்து பறவைகளைப் பார்த்து எண்ணுகிறோமே, அந்தப் பறவை நடையின் நூறாவதைப் பற்றி நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை நேற்று இரவு வந்தது. இரண்டு முறை படித்தேன். "மழையால் சிலருக்குச் சிறு அசௌகரியம் ஏற்பட்டது" என்று ஒரு வரி. "வழிகாட்டியின் ஒருங்கிணைப்புக் குறைபாடு" என்று இன்னொரு வரி. 4 மணி நேரத்தில் 47 வகை, 612 பறவைகள் என்று ஒரு சாதனைக் கணக்கு. கடைசியாக ஓர் அறிவிப்பு: இனிமேல் நடைக்கு வருகிற ஒவ்வொருவரும், "என் சொந்தப் பொறுப்பில் கலந்துகொள்கிறேன், எது நேர்ந்தாலும் சங்கம் பொறுப்பல்ல" என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டால்தான் அனுமதி.

அன்று குறிப்பு எழுதியவன் நான். நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சுற்றறிக்கையையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுக்கொன்று பொருந்தவே இல்லை. தனியாக உங்களிடம் பேசியிருக்கலாம். ஆனால் சுற்றறிக்கை எல்லா உறுப்பினர்களுக்கும் போயிருக்கிறது. அன்று வராதவர்கள் அதைத்தான் நடந்தது என்று நம்புவார்கள். அதனால் இதையும் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முந்தின நாள் இரவிலிருந்தே சொல்ல வேண்டும். இடி மின்னலோடு கனமழை இருக்கும் என்ற எச்சரிக்கை மாலையிலேயே வந்துவிட்டது. பத்து வயது மகளோடு வருவதாக இருந்த ஒரு அம்மா வாட்ஸப் குழுவில் கேட்டார், "நாளைக்கு நடை இருக்கா?" என்று. செயற்குழுவிலிருந்து பதில் வந்தது: "நூறாவது நடை. மழை பெய்தாலும் உண்டு. மழை வந்தால் பறவை ஓடியா போய்விடும்?" அதற்குக் கீழே பதினேழு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தோம். ஆமாம், நானும்தான். ஒரு மாதம்கூட விடாமல் எட்டு வருடம் தாண்டி வந்த தொடர்ச்சி அது. அந்த நூறில் எழுபத்தொரு நடைக்கு நான் போயிருக்கிறேன். அது அறுபடக் கூடாது என்ற ஆசை எனக்கும் இருந்தது. அந்த ஆசைதான் மறுநாள் எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

23 பேர் வந்திருந்தோம். அதில் இரண்டு குழந்தைகள், அறுபதைத் தாண்டியவர்கள் நான்கு பேர். காலை 6:10க்கு ஏரிக்கரையில் இறங்கினோம். முதல் அரை மணி நேரம் அருமையாக இருந்தது. வானம் இருண்டுகொண்டு வந்தது. பூச்சிகள் தாழ இறங்கிவிட்டதால் தகைவிலான்கள் தண்ணீரை உரசுகிற உயரத்தில் போய் வந்துகொண்டிருந்தன. எண்ணி முடிப்பதற்குள் வரிசை கலைந்துவிடும், மறுபடி முதலிலிருந்து எண்ணுவோம். முக்குளிப்பான் 6, நாமக்கோழி 40, சாம்பல் நாரை 3 என்று நோட்டில் ஒழுங்காக இருக்கிறது. 6:40க்குத் தூறல், 7:05க்குக் கனமழை. அந்த இடத்திலிருந்து என் எழுத்தே மாறிப்போகிறது. ஈரத்தாளில் பென்சில் கரி பதியவில்லை. கோடுகள் வெறும் குழியாக விழுந்திருக்கின்றன. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் படிக்க முடியும். 7:22க்குக் கடைசி வரி: "மீன்கொத்தி 1, குரல் மட்டும்." அதற்குப் பிறகு அந்தத் தாளில் ஒன்றுமே இல்லை.

இரண்டு நிமிடம் கழித்து முதல் இடி கேட்டது.

அப்போது வழிகாட்டியாக வந்த தம்பி நின்றுவிட்டார். "சார், திரும்பிடலாமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன் என்று போன் போட்டார். மழைச் சத்தத்தில் கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டார். பக்கத்தில் நின்ற எனக்கும் இன்னும் மூன்று பேருக்கும் தெளிவாகக் கேட்டது: "பறவை பார்க்கிற கோபுரத்துல ஏறி பேனரோட ஒரு போட்டோ எடுத்துட்டுத் திரும்புங்க. பத்து நிமிஷம்தானே." அவர் இரண்டாவது தடவையும் சொன்னார், "இடி இடிக்குதுங்க, குழந்தைங்க இருக்காங்க" என்று. "சீக்கிரம் முடிங்க" என்று பதில் வந்தது. அவ்வளவுதான். அந்தத் தம்பி போனை வைத்துவிட்டு மறுபடியும் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தேன். எழுபத்தொரு நடை போனவன், அவரைவிட இரண்டு மடங்கு வயதானவன், "வேண்டாம், திரும்புவோம்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை எழுத வைத்த காரணங்களில் அதுவும் ஒன்று. உங்கள் தவறை மட்டும் சொல்லிவிட்டு என் தவறை விட்டுவிட்டால் நான் எழுதுவதற்கு மதிப்பிருக்காது.

கோபுரத்தின் அடியில் நின்றபோது ஒரு மின்னல். பத்து வயதுச் சிறுமி சத்தமாக எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. பள்ளியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் போல. ஒன்பது என்று சொல்லும்போது இடி விழுந்தது. அவள் அம்மாவிடம், "மூணு கிலோமீட்டர்மா" என்றாள்.

சரியான கணக்கு அது. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும், அதனால் மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். அப்போதே வெளிவேலையை நிறுத்திவிட்டு நான்கு பக்கமும் சுவர் உள்ள கட்டடத்துக்குள்ளோ, கூரையும் கதவும் மூடிய காருக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆனபிறகுதான் வெளியே வர வேண்டும். மழை பெய்கிற இடத்தைவிட்டுப் பத்து கிலோமீட்டருக்கு அப்பாலும் மின்னல் விழும் என்பதால்தான் இவ்வளவு தூரம் வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு 30 இல்லை, ஒன்பதுதான் இருந்தது. அந்த ஒன்பது விநாடித் தூரத்தில், சுற்றிலும் அதைவிட உயரமான எதுவுமே இல்லாத ஒரு திறந்த கோபுரத்தின் மேல், கையில் அலுமினியக் குழாயில் கட்டிய பேனரோடு பதினான்கு பேர் ஏறி நின்றார்கள். ஸ்பாட்டிங் ஸ்கோப் என்ற தொலைநோக்கியின் முக்காலியையும் விரித்தபடியே மேலே கொண்டுபோயிருந்தார்கள். சுற்றறிக்கையின் முகப்பில் நீங்கள் போட்டிருக்கிற படம் அதுதான். எல்லாரும் சிரிக்கிறார்கள். அந்தக் குழாயை யார் பிடித்திருக்கிறார் என்று பாருங்கள். பதினாறு வயதுப் பையன்.

எதுவும் நடக்கவில்லையே என்று நீங்கள் சொல்லலாம். நடந்தது. ஆனால் மின்னலால் இல்லை.

கோபுரத்திலிருந்து இறங்கியபோது காற்று நிற்க விடவில்லை. கரையில் ஒதுங்க வேறு இடம் இல்லை. அதனால் எல்லாருமாக, நாரைகளும் இராக்கொக்குகளும் கூடு கட்டியிருக்கிற அந்த மரங்களுக்கு அடியில் போய் நின்றோம். இடி நேரத்தில் மரத்தடி எவ்வளவு ஆபத்து என்பது எல்லாருக்கும் தெரியும். மின்னல் மரத்தில் இறங்கினால் பக்கத்தில் நிற்பவர் மேல் தாவும், தரை வழியாகவும் பரவும். நெருக்கியடித்து நின்றால் ஒரே அடியில் பல பேர் விழுவார்கள். எல்லாம் தெரிந்தும் நின்றோம், ஏனென்றால் திரும்பியிருக்க வேண்டிய நேரம் அரை மணிக்கு முன்னாலேயே போய்விட்டது.

அந்த மரங்களுக்கு அடியில் 23 பேர் நின்றதால் மேலே என்ன ஆனது என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. வழக்கமாக நாம் அந்த மரங்களிலிருந்து நூறு மீட்டர் தள்ளி நின்றுதான் பார்ப்போம். நம் சங்கமே வைத்த விதி அது. மழை நேரத்தில் தாய்ப்பறவை சிறகைக் கூரை மாதிரி விரித்துக் கூட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். பொரித்துச் சில நாளே ஆன நாரைக்குஞ்சுக்குத் தன் உடல் சூட்டைத் தானே வைத்துக்கொள்ளத் தெரியாது. அந்தச் சிறகு நகர்ந்தால் சில நிமிடங்களில் குளிர்ந்துவிடும். நாங்கள் அடியில் நுழைந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து பறந்தன. எத்தனை என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை. எங்கள் தலைக்கு மேலே கூடுகள் திறந்து கிடந்தன, அவற்றின் மேல் நேராக மழை இறங்கிக்கொண்டிருந்தது. காகங்கள் மட்டும் மழையைப் பொருட்படுத்தாமல் வந்துவிட்டன.

என் காலுக்கு ஓரடி தள்ளி ஒரு குஞ்சு விழுந்து கிடந்தது. இராக்கொக்குக் குஞ்சு. தூவி நனைந்து இளஞ்சிவப்புத் தோலோடு ஒட்டியிருந்தது. உடம்பைவிடத் தலை பெரிதாகத் தெரிந்தது. ஒரு கண் மூடியிருந்தது. அலகை ஒரு தடவை திறந்தது, சத்தம் வரவில்லை. அந்தச் சிறுமி குனிந்து பார்த்துவிட்டு, "மேலே வெச்சிடலாமா அங்கிள்?" என்று கேட்டாள். கூடு இருபதடி உயரத்தில் இருந்தது. அந்தக் காற்றில் யாராலும் ஏற முடியாது. பறவை பார்ப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள வந்த குழந்தைக்கு நம் நூறாவது நடையில் கிடைத்த பாடம் அது. உங்கள் 612 என்ற எண்ணில் அந்தக் குஞ்சு சேர்ந்திருக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அப்புறம் அந்த அக்கா. பெயர் சொல்லவில்லை, அவருக்கு அது பிடிக்காது. நடைகளுக்கு என்னைவிட அதிகம் வந்தவர் அவர்தான். காலையில் வெப்பநிலை 14 டிகிரி. பருத்திப் புடவை, அதற்கு மேல் பருத்திச் சட்டை, எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மரத்தடியில் அவர் பைனாகுலரை எடுத்து ஃபோகஸ் சக்கரத்தைத் திருகப் பார்த்தார். விரல் சக்கரத்தின் மேல் வழுக்கிக்கொண்டே போனது. மூன்று, நான்கு தடவை. பிறகு பைனாகுலரைத் தொங்கவிட்டுவிட்டு, "இது ஏன் சுத்தவே மாட்டேங்குது" என்றார். வார்த்தை குழறியது. நான் வாங்கிப் பார்த்தேன், சக்கரம் லேசாகச் சுற்றியது. பைனாகுலர் சரியாகத்தான் இருந்தது.

நல்லவேளையாக எங்களோடு ஒரு செவிலியர் வந்திருந்தார். அவர் அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்தார், பேச்சைக் கேட்டார், உடனே "காருக்குப் போகணும், இப்பவே" என்றார். அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. உடலின் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அது வெறும் குளிர் நடுக்கம் இல்லை, உயிருக்கு ஆபத்தான நிலை. பனி பெய்கிற ஊரில்தான் அப்படி நடக்கும் என்று நிறையப் பேர் நினைக்கிறோம். நனைந்த துணியும் காற்றும் வயதும் சேர்ந்தால் பத்துப் பதினைந்து டிகிரியிலேயே நடக்கும். தண்ணீர் காற்றைவிட 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். நனைந்த பருத்தி அதைத் தடுக்காது. கை சொன்னபடி கேட்காது, நாக்கு குழறும், நடை தடுமாறும். முதலில் நடுங்கும். நடுக்கம் நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது, அதுதான் இன்னும் மோசம்.

காருக்கு ஒன்றே முக்கால் கிலோமீட்டர். கரை முழுக்கச் சேறு. அந்தத் தம்பிதான் அக்காவைத் தோளில் தாங்கிக்கொண்டு நடந்தார். தன் மழைக்கோட்டை அவருக்குப் போட்டுவிட்டு, தான் வெறும் சட்டையோடு. 8:15க்குக் காரை அடைந்தோம். ஈரத்துணியை மாற்றி, உலர்ந்த போர்வை சுற்றி, ஹீட்டர் போட்டு, இனிப்பாகச் சூடாக எதையோ மெதுவாகக் குடிக்க வைத்தார் செவிலியர். நாற்பது நிமிடம் கழித்துத்தான் அக்கா பழையபடி பேசினார். முதலில் கேட்டது, "பட்டியல் முடிச்சாச்சா?"

இதைத்தான் நீங்கள் "சிறு அசௌகரியம்" என்று எழுதியிருக்கிறீர்கள். "ஒருங்கிணைப்புக் குறைபாடு" என்று எழுதியது அந்தத் தம்பியைப் பற்றி. இரண்டு தடவை திரும்பிவிடலாம் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். இரண்டு தடவையும் வேண்டாம் என்று சொன்னது சங்கம். எதற்காக அவர் பெயரைக் கெடுக்கிறீர்கள்?

இனி பட்டியலுக்கு வருகிறேன். அது என் பொறுப்பு, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். என் நோட்டில் 6:10 முதல் 7:22 வரை, ஒரு மணி 12 நிமிடம், 26 வகை. உங்கள் அறிக்கையில் 4 மணி நேரம், 47 வகை. அதே எண்ணிக்கை நம் சங்கத்தின் கணக்கிலிருந்து ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்திலும் ஏற்றப்பட்டிருக்கிறது, "முழுப் பட்டியல்" என்ற குறியோடு. மிச்சம் 21 வகையை யார் பார்த்தார்? அதில் சேற்றுப் பூனைப்பருந்து 2 என்று இருக்கிறது. நாணல் மேல் தாழ மிதந்து இரை தேடுகிற பறவை அது. கொட்டுகிற மழையில் எங்காவது மேட்டில் உடலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கதிர்க்குருவி மூன்று வகை இருக்கிறது. கதிர்க்குருவியைப் பெரும்பாலும் குரலை வைத்துத்தான் பிரித்தறிகிறோம். அன்று பக்கத்தில் நிற்பவர் பேசுவதே எனக்குக் கேட்கவில்லை.

ஈபேர்ட் 2002இல் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து தொடங்கியது. பொதுமக்கள் போடுகிற பட்டியல்களை வைத்து, எந்தப் பறவை எங்கே குறைகிறது, எங்கே கூடுகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிடுகிறார்கள். "முழுப் பட்டியல்" என்று குறித்தால், கண்ணுக்கும் காதுக்கும் எட்டி, அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் எழுதிவிட்டோம் என்று அர்த்தம். எவ்வளவு நேரம் பார்த்தோம் என்பதை வைத்துத்தான் அந்தப் பட்டியலுக்கு எடை போடுகிறார்கள். மழைக்கு ஒதுங்கி நின்ற நேரத்தையும் காரில் உட்கார்ந்திருந்த நேரத்தையும் பறவை பார்த்த நேரமாகக் காட்டினால் அந்தக் கணக்கே கெட்டுப்போகும். பார்க்காத பறவையை எழுதினால் கேட்கவே வேண்டாம். வட அமெரிக்காவில் 1966இலிருந்து நடக்கிற இனப்பெருக்கக் காலப் பறவைக் கணக்கெடுப்பில் பலத்த காற்றிலும் விடாத மழையிலும் எண்ணக் கூடாது என்றே விதி இருக்கிறது. பிரிட்டனின் கணக்கெடுப்பிலும் அதேதான். அப்படி எண்ணினால் இருக்கிற பறவையும் இல்லாததாகிவிடும். நாமோ இல்லாததை இருப்பதாக்கியிருக்கிறோம்.

1900ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்கப் பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் 27 பேரைச் சேர்த்து 25 இடங்களில் பறவைகளை எண்ண வைத்தார். அந்தக் காலத்தில் அந்நாளில் இரண்டு கட்சியாகப் பிரிந்து யார் அதிகம் சுட்டுக் குவிக்கிறார்கள் என்று போட்டி வைப்பார்கள். அதற்குப் பதிலாகத்தான் சுடாமல் எண்ணுவோம் என்று அவர் ஆரம்பித்தார். நாம் செய்கிற வேலை அந்த வழியில் வந்தது. எண்ணுக்காக உயிரைப் பணயம் வைப்பது நிற்க வேண்டும் என்றுதான் எண்ணவே தொடங்கினார்கள். நூறு என்ற எண்ணுக்காக நாம் 23 பேரையும் கூடுள்ள மரங்களையும் பணயம் வைத்தோம்.

படிவத்துக்கு வருகிறேன். ஒருவர் தன் பொறுப்பில் வர வேண்டும் என்றால், முடிவெடுக்கத் தேவையான தகவல் முதலில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த அம்மா கேட்டார். மின்னல் எச்சரிக்கை இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். சொல்லவில்லை. திரும்பலாம் என்று வழிகாட்டி கேட்டார். விடவில்லை. பாதி பேர் சங்கம் ஏற்பாடு செய்த வேனில் வந்தவர்கள், நினைத்த நேரத்தில் தனியாகத் திரும்பிப் போக அவர்களுக்கு வழியே கிடையாது. தகவலும் உங்களிடம், முடிவும் உங்களிடம், வண்டியும் உங்களிடம் இருக்கும்போது பொறுப்பு மட்டும் எங்களிடம் எப்படி வரும்? அதனால் அந்தப் படிவத்தில் நான் கையெழுத்திட மாட்டேன். மற்றவர்களும் போட வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். இதைப் படித்துவிட்டு, "சரி, மழைக்காலத்தில் நடையே வேண்டாம்" என்று நீங்கள் முடிவு செய்துவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மழையில் பறவை பார்ப்பது எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இடியில்லாத தூறலில் கரையோரம் உள்ளான்கள் ஓடி ஓடிச் சேற்றைக் குத்துவதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். வலசை போகிற பறவைகள் மோசமான வானிலையில் மாட்டி, மேலே போக முடியாமல் கூட்டமாகத் தரையிறங்குவதும் உண்டு. புயலுக்குப் பிறகு கடலில் இருக்க வேண்டிய பறவைகள் உள்நாட்டு நீர்நிலைகளில் வந்து நிற்கும். மழை விட்ட அந்த அரை மணி நேரம் இருக்கிறதே, நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைக்கும், ஒவ்வொரு புதரிலிருந்தும் ஒரு குரல் கிளம்பும், ஒளிந்திருந்ததெல்லாம் பசியோடு வெளியே வரும். அதைப் பார்க்காதவர் பாதிதான் பார்த்திருக்கிறார். ஆனால் அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு வேண்டும். குளிர் இரவு ஒன்றைக் கடப்பதற்குள் ஒரு சிறு பறவை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு வரைகூட இழந்துவிடும். விடிந்ததும் அதைத் தின்று ஈடுகட்ட வேண்டும். நாம் ஒரு தடவை விரட்டினால் அதற்கு ஒரு வேளைச் சாப்பாடு போய்விடும். மழை நாளில் நாம் இன்னும் தள்ளி நிற்க வேண்டும். அன்று கூடுகளுக்கு நேர் கீழே நின்றோம்.

என் கோரிக்கைகளைச் சொல்கிறேன். இவற்றுக்கு அடுத்த நடைக்கு முன்பாக எழுத்தில் பதில் வேண்டும்.

படிவத்தைத் திரும்பப் பெறுங்கள். அதற்குப் பதிலாக ஒவ்வொரு நடைக்கும் முந்தின நாள் இரவு வானிலை எச்சரிக்கை, நடையின் தூரம், ஒதுங்க இடம் எங்கே இருக்கிறது, என்ன உடுத்தி வர வேண்டும் என்ற நான்கையும் குழுவில் போடுங்கள். ஒதுங்க மூடிய இடமே இல்லாத தடத்தில், மின்னல் எச்சரிக்கை உள்ள நாளில் நடை வைக்காதீர்கள். பங்கேற்பாளர்களிடம் ஒரு தாள் வாங்கத்தான் வேண்டும் என்றால், அவசரத்துக்கு யாரை அழைப்பது, உடம்புக்கு என்ன, என்ன மருந்து எடுத்துக்கொள்கிறார் என்று கேட்டு வாங்குங்கள். அன்று அக்காவின் வீட்டு எண் எங்களில் யாரிடமும் இல்லை.

திரும்பும் முடிவு மழையில் நிற்கிற வழிகாட்டியுடையது என்று தீர்மானம் போடுங்கள். யாரையும் கேட்காமல் அவர் திரும்பலாம், அதற்காக யாரும் அவரைக் குறை சொல்லக் கூடாது. நடை போகலாமா என்பதில் செயற்குழு இரவே முடிவெடுக்கட்டும். போன பிறகு தொடரச் சொல்லும் உரிமை போனில் இருப்பவருக்கு வேண்டாம். முதல் இடி கேட்டவுடன் திரும்ப வேண்டும் என்பது விதியாக இருக்கட்டும், எண்ணிப் பார்த்து யோசிப்பதற்கு இடம் வைக்காதீர்கள். காற்றுக்கும் ஓர் எளிய அளவு இருக்கிறது: போஃபோர்ட் அளவில் 6 என்பது மணிக்கு 39 முதல் 49 கிலோமீட்டர், பெரிய கிளைகள் ஆடும், குடை பிடிக்கச் சிரமமாக இருக்கும். அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. குடை பிடிக்க முடியவில்லை என்றால் மரங்களுள்ள இடத்தில் நடை முடிந்தது. ஒவ்வொரு நடையிலும் முதலுதவி தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். மின்னல் தாக்கியவர் உடலில் மின்சாரம் தங்காது, உடனே தொட்டு உதவலாம், மூச்சும் இதயத்துடிப்பும் நின்றிருந்தால் அந்த நொடியே நெஞ்சை அழுத்திச் செய்யும் சிபிஆர் முதலுதவியைத் தொடங்க வேண்டும் என்பதாவது நம் வழிகாட்டிகள் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பயிற்சிக்கு ஆகும் செலவைச் சங்க நிதியிலிருந்து எடுங்கள். அடுத்த பேனர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அந்தத் தம்பியைப் பற்றிய வரியை நீக்கி, அதே சுற்றறிக்கை போன எல்லாருக்கும் திருத்தம் அனுப்புங்கள். அவர் இரண்டு முறை திரும்பக் கேட்டார் என்பதையும், மறுத்தது யார் என்பதையும் அதில் எழுதுங்கள். அக்காவின் வீட்டுக்கு உங்களில் ஒருவர் நேரில் போங்கள். இதுவரை யாரும் போகவில்லை.

கூடுள்ள மரங்களுக்குக் குஞ்சுகள் பறந்து போகும் வரை யாரையும் அழைத்துப் போகாதீர்கள். முகப்பில் உள்ள அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள்.

பட்டியலை ஈபேர்டில் திருத்துங்கள்: 6:10 தொடக்கம், 72 நிமிடம், 23 பேர், 26 வகை. குறிப்புப் பகுதியில் கனமழை, 7:05க்குப் பின் பெரும்பாலான குரல்கள் சரியாகக் கேட்கவில்லை என்று சேருங்கள். முழுப் பட்டியல் என்ற குறியை எடுத்துவிடுங்கள். மிச்சம் 21 வகையை யாராவது உண்மையிலேயே பார்த்திருந்தால், அவர் எந்த நேரத்தில் எங்கே பார்த்தார் என்று எழுதித் தன் பெயரில் தனியாகப் போட்டுக்கொள்ளட்டும். என் நோட்டு காய்ந்துவிட்டது. தாள் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது, ஆனாலும் படிக்க முடிகிறது. செயற்குழு கூடும் நாளைச் சொல்லுங்கள், எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
அன்று குறிப்பெழுதிய உறுப்பினர்